ஒலிக் கித்தாருக்கான அரிய வெப்பமண்டல மரங்கள்

ஒலிக் கித்தாருக்கான அரிய வெப்பமண்டல மரங்கள் என்பவை, மின்பெருக்கியின் துணையின்றித் தன் மரக்கூட்டின் அதிர்வினாலேயே ஒலி எழுப்பும் கித்தாரின் பின்பலகை, பக்கப்பலகை, விரற்பலகை, பாலம் முதலிய உறுப்புகளைச் செய்யத் தேர்ந்தெடுக்கப்படும், சந்தையில் எளிதில் கிடைக்காத வன்மரங்கள் ஆகும். பிரேசில் ஈட்டி, கோகோபோலோ, சிரிக்கோட்டே, ஆப்பிரிக்கக் கருமரம், ஹவாய்த் தீவுகளின் கோவா மரம் ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. அழகு, ஒலி, உறுதி ஆகிய மூன்றின் பொருட்டும் இவை விரும்பப்படுகின்றன. எனினும் இவற்றுட் பல அழிவின் விளிம்பில் உள்ளவை. பன்னாட்டு வணிகச் சட்டங்களால் கட்டுப்படுத்தப்பட்டவை. ஆகவே மரத்தெரிவு என்பது கைவினைஞரின் சுவை சார்ந்த ஒன்றாக மட்டும் இன்று இல்லை.

கித்தாரின் உறுப்புகளும் மரங்களும்

கித்தாரின் உடல் மூன்று பகுதிகளால் ஆனது. கம்பிகளின் கீழே, ஒலித்துளையுடன் அமைந்திருப்பது மேற்பலகை. அதற்கு எதிரே, வாசிப்பவரின் உடலைத் தொட்டுக்கொண்டு இருப்பது பின்பலகை. இவ்விரண்டையும் இணைத்து, இடுப்பு ஒடுங்கிய வடிவில் வளைந்து செல்பவை இரண்டு பக்கப்பலகைகள். இவற்றுடன் கழுத்து, அதன்மேல் ஒட்டப்படும் விரற்பலகை, கம்பிகளின் அதிர்வை மேற்பலகைக்குக் கடத்தும் பாலம் ஆகியவையும் மரத்தாலேயே செய்யப்படுகின்றன. வீணையில் குதிரை எனப்படும் உறுப்பே கித்தாரில் பாலம் எனப்படுகிறது.

மேற்பலகைக்குப் பெரும்பாலும் குளிர்நாடுகளில் வளரும் இலகுவான ஊசியிலை மரங்களே பயன்படுகின்றன. ஸ்புரூசு, சீடர் என்பன இவற்றுள் முதன்மையானவை. வெப்பமண்டல வன்மரங்களுக்கு இங்கே இடம் குறைவு. கோவா, மகோகனி ஆகியவை மட்டும் சில கித்தார்களில் மேற்பலகையாகவும் அமைகின்றன. ஆகவே அரிய மரம் ஒன்றைத் தெரிவு செய்வது என்றால், அது பெரும்பாலும் பின்பலகையையும் பக்கப்பலகைகளையும் பற்றிய தெரிவே ஆகும். முடிவடைந்த கித்தாரில் இப்பலகைகளின் தடிப்பு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் அளவே இருக்கும். இவ்வளவு மெல்லிய பலகையாக இழைத்தபின் வெடிக்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கக்கூடிய மரங்கள் மிகச் சிலவே.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் எசுப்பானியக் கைவினைஞர்கள், உள்ளூரில் கிடைத்த சைப்பிரசு மரத்தைப் பிளமெங்கோ வகைக் கித்தார்களுக்கும், கடல்வழி வந்த ஈட்டி வகை மரங்களைச் செவ்வியல் கித்தார்களுக்கும் பயன்படுத்தினர். புதிதாக அறுத்தவுடன் ரோசாப்பூவை ஒத்த மணம் வீசியதால் இவ்வகை மரங்களுக்கு ஐரோப்பிய மொழிகளில் ரோசாமரம் என்னும் பொருள்தரும் பெயர் ஏற்பட்டது. பூவுக்கும் மரத்துக்கும் வேறு தொடர்பு எதுவும் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1833ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மார்ட்டின் நிறுவனமும் நீண்டகாலம் பிரேசில் ஈட்டியையே தன் உயர்தரக் கித்தார்களுக்குப் பயன்படுத்தியது. 1960களின் பிற்பகுதியில் பிரேசில் அரசு அறுக்கப்படாத ஈட்டி மரத்துண்டுகளின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதைத் தொடர்ந்து 1969ஆம் ஆண்டில் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிற நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. மேற்குத் தொடர்ச்சி மலைகளின் மரம் உலகக் கித்தார்த் தொழிலின் வழமையான மரமாக ஆனது இவ்வாறே. அன்று மாற்றாக வந்த மரம் இன்று பிற மரங்களை மதிப்பிடும் அளவுகோலாக இருப்பது கவனிக்கத்தக்கது.

1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிசுகோவில் நடைபெற்ற பனாமா-பசிபிக் கண்காட்சியில் ஹவாய் இசை பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் பின்னர் கோவா மரத்தாலான உகுலேலேக்களும் கித்தார்களும் அமெரிக்கப் பெருநிலத்தில் பரவின. 1920களில் லாசு ஏஞ்சலசில் ஹெர்மன் வைசன்போன் செய்த, மடியில் கிடத்தி வாசிக்கும் கோவாக் கித்தார்கள் இன்றும் சேகரிப்போரால் தேடப்படுகின்றன.

மரத்தின் இயற்பியல் பண்புகள்

ஒரு மரத்தின் இசைத் தகுதியை அறிய மூன்று பண்புகள் முதன்மையானவை. அவை அடர்த்தி, விறைப்பு, அதிர்வுத் தணிப்பு ஆகும். விறைப்பு என்பது இங்கே மரத்தின் நீள்போக்கில் அளக்கப்படும் யங் குணகத்தைக் குறிக்கும். விறைப்பை அடர்த்தியால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் மரத்தில் ஒலி செல்லும் வேகம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். சிட்கா ஸ்புரூசின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 420 கிலோகிராம். விறைப்பு ஏறத்தாழ 11 கிகாபாசுக்கல். எனவே அதில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,100 மீட்டர். இந்திய ஈட்டியின் விறைப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அடர்த்தி 830. ஆகவே ஒலியின் வேகம் 3,700 மீட்டர் அளவாகக் குறைகிறது. இவ்வேகத்தை மீண்டும் அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது, அதிரும் பலகை காற்றுக்கு ஒலியை எவ்வளவு எளிதாக வழங்கும் என்பதைக் காட்டும் எண் ஆகும். ஸ்புரூசுக்கு இது 12, ஈட்டிக்கு 4.5. மேற்பலகைக்கு ஈட்டி ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு விடை இந்த ஒரு கணக்கிலேயே உள்ளது.

பின்பலகையின் பணி வேறு. அது மேற்பலகையுடன் சேர்ந்து அதிர்ந்து ஒலிக்கு நிறம் சேர்க்கலாம். அல்லது கனமாக அசையாது நின்று, ஆற்றல் வீணாகாமல் தடுக்கலாம். இரண்டாவது வழியை விரும்புவோரே அடர்த்தி மிகுந்த அரிய மரங்களைத் தேடிச் செல்கின்றனர். பின்பலகையின் பரப்பு 0.15 சதுர மீட்டர், தடிப்பு 2.5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், மகோகனியில் அதன் எடை ஏறத்தாழ 220 கிராம். இந்திய ஈட்டியில் 310 கிராம். ஆப்பிரிக்கக் கருமரத்தில் 475 கிராம். பக்கப்பலகைகளையும் சேர்த்தால் இவ்வேறுபாடு இன்னும் பெருகும். மணிக்கணக்கில் மடியில் வைத்து வாசிப்பவருக்கு இது சிறிய செய்தி அன்று.

அதிர்வுத் தணிப்பு என்பது, தட்டிய பலகையின் ஓசை எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதாகும். ஈட்டிக் குடும்பத்து மரங்களில் தணிப்பு குறைவு. பலகையைத் தட்டினால் மணி போன்ற நீண்ட ஓசை எழும். மகோகனியில் ஓசை சற்று மென்மையாகவும் விரைவில் அடங்குவதாகவும் இருக்கும்.

பின்பலகை மரம் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது

இது நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. இக்காலச் செவ்வியல் கித்தாரின் வடிவத்தை நிலைநிறுத்தியவராகக் கருதப்படும் அந்தோனியோ தெ தோரசு, 1862ஆம் ஆண்டில் பின்பலகையும் பக்கங்களும் காகித அட்டையால் ஆன கித்தார் ஒன்றைச் செய்தார். ஒலிக்கு அடிப்படை மேற்பலகையே என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். இக்கருவி பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

2018ஆம் ஆண்டில் வெளியான, லங்காசுட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் முன்னின்று நடத்திய ஆய்வு இக்கேள்வியை மேலும் முறையாக அணுகியது. பின்பலகை, பக்கப்பலகை ஆகியவற்றின் மரம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்த ஆறு கித்தார்கள் செய்யப்பட்டன. பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, சப்பேலி, மேப்பிள், வால்நட் என்பன அவ்வாறு மரங்கள். மங்கிய ஒளியில், கருங்கண்ணாடி அணிந்து 52 கித்தார்க் கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். விலையில் பன்மடங்கு வேறுபட்ட இம்மரங்களுக்கிடையே ஒலித்தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அவர்களால் காணமுடியவில்லை.

இதிலிருந்து மரம் எதுவாயினும் ஒன்றே என்று முடிவு கட்டுவது சரியாகாது. கருமரத்துக்கும் மகோகனிக்கும் இடையிலான எடை வேறுபாடு உண்மையானது. மெல்லிய பலகையின் உறுதி, வளைக்கும் தன்மை, நிறம், நீடித்த உழைப்பு ஆகியனவும் உண்மையானவை. ஆனால் "இந்த மரத்தால் மட்டுமே இந்த ஒலி வரும்" என்னும் கூற்றை வாங்குபவர் ஐயத்துடனேயே அணுகவேண்டும். கைவினைஞரின் கை, மேற்பலகையின் தரம், உள்ளே ஒட்டப்படும் தாங்குசட்டங்களின் அமைப்பு ஆகியன பின்பலகை மரத்தைவிடப் பன்மடங்கு முக்கியமானவை.

சில மரங்கள்

பிரேசில் ஈட்டி

டால்பெர்கியா நைக்ரா என்னும் தாவரவியற் பெயர் கொண்ட இம்மரம் பிரேசிலின் அத்திலாந்திக்குக் கரையோரக் காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. கரும்பழுப்பு நிறத்தில் மைக்கோடுகள் ஓடும் இதன் வைரக்கட்டை, கித்தார் உலகில் மிக உயர்வாகக் கருதப்படுகிறது. 1992ஆம் ஆண்டிலிருந்து இது பன்னாட்டு வணிகத்தில் முற்றாகத் தடைசெய்யப்பட்ட வகையில் உள்ளது. தடைக்கு முன் வெட்டப்பட்டதற்கு ஆவணம் உள்ள மரமே சட்டப்படி கைமாறக்கூடியது. எஞ்சியுள்ளவற்றுட் பல, முன்பு வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் ரேகைகள் அழகாகச் சுழன்று செல்லும். ஆனால் அச்சுழற்சியே பலகை வெடிப்பதற்கும் காரணமாகிறது. பழைய கருவியைச் செப்பனிடுவோரைத் தவிர மற்றவர் இம்மரத்தை நாடுவதற்குத் தக்க காரணம் இன்று இல்லை எனலாம்.

இந்திய ஈட்டி

டால்பெர்கியா லாட்டிபோலியா. தமிழில் ஈட்டி, தோதகத்தி, நூக்கு எனப் பல பெயர்கள் உண்டு. நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதிகளின் இலையுதிர் காடுகளிலும், காப்பித் தோட்டங்களில் நிழல்மரமாகவும் வளர்கிறது. கருஞ்சிவப்பு முதல் ஊதா வரையான நிறமும், நேரான ரேகைகளும், பதப்படுத்தியபின் அசையாத தன்மையும் இதன் சிறப்புகள். வன்பொன் போன்ற கடினம் இருந்தும் சூடான குழாயின்மேல் நன்கு வளையும். சாவகத் தீவிலும் இம்மரம் தோட்டங்களில் வளர்க்கப்பட்டு, சோனோகெலிங் என்னும் பெயரில் விற்கப்படுகிறது.

கித்தார்க் கடைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இம்மரம் காட்டில் அவ்வாறு இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஈட்டிமரப் பாதுகாப்புச் சட்டம், தனியார் நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் அரசின் அனுமதியின்றி வெட்டுவதைத் தடைசெய்தது. அரிய மரம் எது என்பதைக் கடையின் அலமாரியைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது என்பதற்கு ஈட்டி நல்ல சான்று.

கோகோபோலோ

டால்பெர்கியா ரெட்டூசா. மெக்சிக்கோ முதல் பனாமா வரை பசிபிக்குக் கரைப்பக்கத்தில் வளர்வது. அறுத்தவுடன் செம்மஞ்சளாகத் தோன்றி, காற்றும் ஒளியும் பட்டு ஆழ்ந்த செம்பழுப்பாக மாறும். நீரினும் அடர்த்தி மிக்கது. இம்மரத்தில் எண்ணெய்ப்பசை மிகுதி. ஆதலால் ஒட்டுவதற்குச் சற்று முன்னர் அசிட்டோன் கொண்டு துடைத்து மேற்பரப்பின் எண்ணெயை நீக்காவிடில் பசை பிடிப்பதில்லை. துடைத்தபின் காலந்தாழ்த்தினால் எண்ணெய் மீண்டும் மேலேறிவிடும். துடைக்கும் துணியில் ஏறும் செந்நிறச் சாயம் அருகிலுள்ள வெண்ணிற ஸ்புரூசில் படிந்தால் அதை நீக்குவது கடினம். இதை முதல் கித்தாரிலேயே பலர் அனுபவத்தில் கற்றுக்கொள்கின்றனர்.

சிரிக்கோட்டே

கார்டியா டோடெகாண்டிரா. யுகத்தான் தீபகற்பம், பெலீசு, குவாத்தமாலா ஆகிய இடங்களில் வளரும் இம்மரம் நம் நாட்டு நறுவிலி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இதன் பழம் யுகத்தானில் உண்ணப்படுகிறது. சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் கருங்கோடுகள் சிலந்திவலை போலப் பின்னிச் செல்வது இதன் தனி அழகு. அடர்த்தி ஏறத்தாழ 800; அதாவது இந்திய ஈட்டிக்கு நெருங்கியது. டால்பெர்கியா இனத்தைச் சேராததால் அவ்வினத்துக்கான வணிகக் கட்டுப்பாடு இதற்கு இல்லை. ஈட்டிக்கு மாற்றுத் தேடுவோர் இதை நாடுவதற்கு இது முதன்மைக் காரணம். ஆனால் உலர்த்துவது கடினம். மயிரிழை வெடிப்புகள் எளிதில் தோன்றும். முற்றாக உலராத சிரிக்கோட்டேப் பலகை, கித்தாராக ஒட்டப்பட்டு ஓராண்டு கழிந்தபின்னும் வெடிக்கக்கூடும்.

ஆப்பிரிக்கக் கருமரம்

டால்பெர்கியா மெலனாக்சிலான். சுவாகிலி மொழியில் இம்பிங்கோ எனப்படும். தான்சானியா, மொசாம்பிக்கு ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. கிளாரினெட்டு, ஓபோ ஆகிய காற்றிசைக் கருவிகளுக்கான மரம் இதுவே. அடர்த்தி ஏறத்தாழ 1,270 என்பதால் நீரில் மூழ்கும். மரம் சிறியது, வளைந்து நெளிந்தது, உள்ளே பொந்துகள் உள்ளது. குழற்கருவிக்குச் சிறு துண்டு போதும். கித்தாரின் பின்பலகைக்கு ஒவ்வொன்றும் 200 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள இரு பலகைகள் தேவை. இவ்வளவு அகலமான குற்றமற்ற பலகை கிடைப்பது அரிது. அதனால் மூன்று அல்லது நான்கு துண்டுகளாகப் பின்பலகையை அமைப்பதும் உண்டு. இது குறையாகக் கருதப்படுவதில்லை.

கோவா, தூங்குமூஞ்சி

ஹவாய்த் தீவுகளில் மட்டும் வளரும் அகேசியா கோவா, நம் வேல மரங்களின் உறவினம். இந்தியாவின் கோவா மாநிலத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பொன்னிறத்தில் அலையலையான மினுக்கம் உடைய பலகைகள் மிகவும் விலையுயர்ந்தவை. அடர்த்தி 600 அளவில், மகோகனியை ஒத்தது. கோவாவுக்கு மாற்றாக இன்று பயன்படும் மரங்களுள் ஒன்று, தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமே. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது ஹவாயிலும் ஆசியாவிலும் பரவி, கிண்ணங்கள் கடையவும் கித்தார் செய்யவும் பயன்படுகிறது. கோவாவுக்கு மிக நெருங்கிய மற்றொரு உறவான ஆசுத்திரேலிய அகேசியா மெலனாக்சிலான், 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அயல்மரமாகப் பரவியுள்ளது. ஆசுத்திரேலியாவில் இதே மரத்தால் உயர்தரக் கித்தார்கள் செய்யப்படுகின்றன.

பிற

ஆப்பிரிக்காவின் புபிங்கா, ஓவாங்கோல், படாக்கு, சப்பேலி ஆகியனவும் பயன்படுகின்றன. மகோகனியிலும் அரிய வகை உண்டு. பெலீசின் சிக்கிபுல் காட்டில் 1965ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட ஒரே ஒரு மகோகனி மரம், அதன் ரேகை ஆமை ஓடு போலச் சுருண்டிருந்ததால், "அந்த மரம்" என்னும் பெயரிலேயே கித்தார் உலகில் அறியப்படுகிறது. அதன் பலகைக்குக் கேட்கப்படும் விலையில் பெரும்பங்கு கதைக்கானது என்றே சொல்லவேண்டும்.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

பொதுவாக ஒரு கித்தாருக்கான மரம் தொகுதியாக விற்கப்படுகிறது. அதில் பின்பலகைக்கு ஏறத்தாழ 560 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இரு பலகைகளும், பக்கங்களுக்கு 810 மில்லிமீட்டர் நீளமும் 125 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இரு பலகைகளும் இருக்கும். ஒரே மரத்துண்டிலிருந்து அடுத்தடுத்து அறுக்கப்பட்ட இணைப்பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து ஒட்டினால் இடமும் வலமும் ஒத்த கோலம் கிடைக்கும்.

முதலில் பலகையின் முனைவெட்டைப் பார்க்கவேண்டும். ஆண்டுவளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரப்போக்கில் அறுக்கப்பட்டது. கோடுகள் முகத்துக்கு இணையாகக் கிடந்தால் அது தொடுபோக்கில் அறுக்கப்பட்டது. பெரும்பாலான மரங்கள் தொடுபோக்கில், ஆரப்போக்கைப்போல ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். அழகிய கோலங்கள் தொடுபோக்கில் அறுத்த பலகைகளிலேயே மிகுதி. அழகும் உறுதியும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. முதன்முறையாகக் கித்தார் செய்பவர் ஆரப்போக்கில் அறுத்த, நேரான ரேகையுள்ள, கணுவற்ற பலகையை எடுப்பதே நன்று.

அடுத்தது ஈரப்பதம். கித்தார் செய்யும் இடத்தின் ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காடு இருப்பது வழக்கம். அந்நிலையில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 8 அல்லது 9 விழுக்காடாக நிலைபெறும். கடற்கரை நகரங்களில் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டை எட்டும்போது மரத்தின் ஈரமும் 16 விழுக்காடு அளவுக்கு உயரும். அத்தகைய ஈரத்துடன் 400 மில்லிமீட்டர் அகலப் பின்பலகையை ஒட்டி, பின்னர் அக்கருவியை வறண்ட ஊருக்கோ குளிரூட்டிய அறைக்கோ கொண்டுசென்றால், ஆரப்போக்கு ஈட்டியாயினும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சுருங்க முயலும். சுற்றிலும் ஒட்டப்பட்ட பலகைக்குச் சுருங்க இடமில்லை, ஆகவே வெடிக்கிறது. விலையுயர்ந்த மரம் பாழாவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே.

பலகை உலர்ந்துவிட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு. வாரம் ஒருமுறை எடையிட்டுக் குறித்துவரவேண்டும். பல வாரங்கள் எடை மாறாதிருந்தால் மரம் அவ்விடத்தின் காற்றோடு இணங்கிவிட்டது எனலாம். காற்றில் உலர்த்தும்போது 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. அடர்ந்த மரங்களுக்கு இது போதாது. நாதசுவரம் செய்வோர் பழைய வீடுகளின் ஆச்சாமரத் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குவதும் இக்காரணம் பற்றியே.

தட்டிப் பார்த்தல் மூன்றாவது சோதனை. பலகையின் நீளத்தில் ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ 22 விழுக்காடு தொலைவில் இரு விரல்களால் மெல்லப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல்மூட்டால் தட்டவேண்டும். பலகை வளைந்து அதிரும்போது அசையாது நிற்கும் புள்ளி அவ்விடத்தில் அமைவதால், பிடித்திருக்கும் விரல் ஓசையை அடக்காது. ஓசை தெளிவாக நீண்டு ஒலித்தால் நன்று. கரகரப்போ இரட்டை ஓசையோ கேட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். இச்சோதனை ஒரே அளவுள்ள பலகைகளை ஒப்பிடவே உதவும். தடிப்பு வேறுபட்டால் ஓசையும் வேறுபடும்.

உடல்நலம்

டால்பெர்கியா இனத்து மரங்களின் தூளில் உள்ள குயினோன் வகைச் சேர்மங்கள் தோல் ஒவ்வாமையைத் தூண்டுபவை. கோகோபோலோ இதில் மிகக் கடுமையானது. முதல் முறை ஒன்றும் நேராதவருக்கும், தொடர்ந்து பணிபுரியும்போது உடல் உணர்திறன் பெற்று, பின்னர் சிறிதளவு தூள் பட்டாலும் தடிப்பு, கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் ஏற்படலாம். சிலர் இதனாலேயே அம்மரத்தைக் கைவிட்டுள்ளனர். மரத்தூள் பொதுவாகவே மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தப்பட்டது. தூளுறிஞ்சியும் முறையான முகக்கவசமும் இன்றி இம்மரங்களைத் தேய்ப்பது கூடாது.

சட்டமும் பாதுகாப்பும்

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீசு உடன்படிக்கை, இனங்களைப் பட்டியல்களாக வகுத்துள்ளது. முதற் பட்டியலில் உள்ளவற்றின் வணிகம் தடைசெய்யப்பட்டது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுக்கு ஏற்றுமதி அனுமதி தேவை. பிரேசில் ஈட்டி முதற் பட்டியலில் உள்ளது. அமெரிக்கக் கண்டத்தில் இயற்கையாக வளரும் பேரிலை மகோகனி 2003இலும், கோகோபோலோ 2013இலும் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றன. 2017 சனவரி 2 முதல் டால்பெர்கியா இனம் முழுவதும், புபிங்கா எனப்படும் மூன்று மரவகைகளும் அப்பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. இதனால் கித்தார் ஒன்றை நாட்டுக்கு வெளியே விற்பதற்கும் ஆவணம் தேவைப்பட்டது. சிறு கைவினைஞர்கள் பெரிதும் இடர்ப்பட்டனர். 2019ஆம் ஆண்டில் செனீவாவில் கூடிய மாநாடு, முடிவடைந்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடிவடைந்த உறுப்புகளுக்கும் விலக்கு அளித்தது. இவ்விலக்கு பிரேசில் ஈட்டிக்குப் பொருந்தாது. பலகைத் தொகுதியாக வாங்கப்படும் மரத்துக்கும் பொருந்தாது. இதை அறியாது அயல்நாட்டிலிருந்து பலகை தருவிப்போர், சுங்கச் சாவடியில் அதை இழக்க நேரிடும். 2022ஆம் ஆண்டில் பனாமாவில் நடைபெற்ற மாநாட்டில் படாக்கு உள்ளிட்ட ஆப்பிரிக்க வேங்கையின மரங்களும், ஆப்பிரிக்க மகோகனியும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனவே மரத்தை வாங்குவதற்கு முன் அன்றைய பட்டியலைப் பார்ப்பது இன்றியமையாதது.

ஐக்கிய அமெரிக்காவின் லேசிச் சட்டம் 2008ஆம் ஆண்டில் தாவரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பிற நாட்டின் சட்டத்தை மீறி வெட்டப்பட்ட மரத்தை இறக்குமதி செய்வதும் இதன்படி குற்றமாகும். இச்சட்டத்தின்கீழ் கிப்சன் நிறுவனத்தின் ஆலைகள் 2009இலும் 2011இலும் சோதனையிடப்பட்டன. முதலாவது மடகாசுக்கர் கருங்காலி பற்றியது. இரண்டாவது, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலி விரற்பலகைத் துண்டுகள் பற்றியது. அவை அறுத்த மரமா, கருவியின் உறுப்பா என்பதே சிக்கலாக இருந்தது. 2012ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி நிறுவனம் 3,00,000 டாலர் தண்டமும், காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக 50,000 டாலரும் செலுத்தியது. மடகாசுக்கர் மரத்தின் மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்தது. இந்திய மரத்தைப் பொறுத்தவரை, சுங்கவரி வகைப்பாட்டில் தெளிவின்மை இருப்பதாக அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது.

மடகாசுக்கரில் 2009ஆம் ஆண்டு அரசியல் கவிழ்ப்புக்குப் பின், காவற்காடுகளுக்குள்ளேயே ஈட்டியும் கருங்காலியும் பெருமளவில் களவாக வெட்டப்பட்டன. அங்கு ஒரு மரத்தை ஆற்றில் மிதக்கவைத்துக் கொண்டுவர, அதைத் தாங்க இலகுவான பிற மரங்கள் பல வெட்டப்பட்டன. அரிய மரத்தின் உண்மையான விலையில் இவையும் அடங்கும்.

வேறு வகையான முயற்சியும் நடந்துள்ளது. 2011ஆம் ஆண்டில் டெய்லர் நிறுவனமும் எசுப்பானியாவின் மடின்டர் நிறுவனமும் இணைந்து, கேமரூன் நாட்டின் யாவுண்டேயில் உள்ள கிரெலிக்காம் கருங்காலி ஆலையை வாங்கின. கருங்காலி வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெட்டியபின்னரே அதன் வைரம் முழுக் கருமையா, வரியோடியதா என்பது தெரியும். சந்தை முழுக் கருமையையே விரும்பியதால், வரியோடிய மரங்கள் வெட்டிய இடத்திலேயே கைவிடப்பட்டு வந்தன. ஒலியிலோ உறுதியிலோ அவற்றுக்கு யாதொரு குறையும் இல்லை. அந்நிறுவனம் தன் உயர்தரக் கித்தார்களிலும் பழுப்பு வரியோடிய விரற்பலகைகளைப் பொருத்தத் தொடங்கியது. இன்று அத்தகைய விரற்பலகைகளைக் கடைகளில் சாதாரணமாகக் காணலாம்.